குனூபிளாட் அமைப்புகள்: கிணற்று மட்டக் கோடு ஏன் முன்னும் பின்னும் ஓடுகிறது?

2024 மே 12, மாலை

குனூபிளாட் என்பது கட்டளைகளைத் தட்டி வரைபடம் வரையும் கணினி நிரல். அதைப் பற்றிச் சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே வைக்கிறேன்.

"அண்ணா, எங்கள் கிணற்றுத் தண்ணீர் மட்டத்தை 2021 முதல் வாரம் ஒரு முறை அளந்து நோட்டில் எழுதி வருகிறோம். அதைத் தேதி, காற்புள்ளி, அடி என்று ஒரு கோப்பில் தட்டச்சு செய்து குனூபிளாட்டில் வரைந்தேன். மூன்று ஆண்டுக் கணக்கும் 2020 என்ற ஒரே ஆண்டுக்குள் விழுகிறது. கோடு டிசம்பர் வரை போய், மறுபடி ஜனவரிக்கே திரும்பி ஓடுகிறது. 2020இல் நாங்கள் அளக்கவே இல்லை. நிரலில்தான் பிழை என்று நினைக்கிறேன். இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பத்து அமைப்புகளைத் தட்ட வேண்டியிருக்கிறது. ஒரேயடியாக எங்கே எழுதி வைப்பது?"

2024 மே 12, இரவு

நிரலில் பிழை இல்லை. ஒரே ஓர் எழுத்துதான் காரணம்.

தேதி எந்த வடிவத்தில் இருக்கிறது என்று சொல்லும் கட்டளை செட் டைம்எஃப்எம்டி. (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.) அதில் ஆண்டுக்குச் சிறிய ஒய் போட்டால் இரண்டிலக்க ஆண்டு, பெரிய ஒய் போட்டால் நான்கிலக்க ஆண்டு. நீங்கள் சிறியதைப் போட்டிருக்கிறீர்கள். 15/06/2021 என்ற தேதியில் அது 20 என்ற இரண்டு இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, 2020 என்று வைத்துக்கொள்ளும். மிச்சமுள்ள 21ஐத் திரும்பிப் பார்க்காது. 2022க்கும் அதே 20, 2023க்கும் அதே 20. மூன்று ஆண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போல 2020இல் வந்து உட்காரும். ஒரு பிழைச் செய்திகூட வராது. அதுதான் இதில் கெட்ட விஷயம்.

டைம்எஃப்எம்டி எதையும் சொல்லாமல் விட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நிரலின் இயல்பு வடிவத்திலும் சிறிய ஒய்தான் இருக்கிறது.

நேர அச்சுக்கு மூன்று வேண்டும். செட் எக்ஸ்டேட்டா டைம், செட் டைம்எஃப்எம்டி, அப்புறம் பிளாட் வரியில் யூசிங் 1:2 என்று வெளிப்படையாக எழுதுவது. மூன்றாவதை விட்டால் முழு யூசிங் வேண்டும் என்று நிரலே கத்தும். கோப்பில் காற்புள்ளி இருப்பதால் செட் டேட்டாஃபைல் செப்பரேட்டரும் வேண்டும். அச்சின் கீழே தேதி எப்படித் தெரிய வேண்டும் என்பது வேறு அமைப்பு, செட் ஃபார்மட் எக்ஸ். படிக்கும் வடிவமும் காட்டும் வடிவமும் தனித்தனி. இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

இரண்டாவது கேள்வி. உங்கள் பயனர் அடைவில் புள்ளியில் தொடங்கி குனூபிளாட் என்ற பெயரில் ஒரு கோப்பு உண்டாக்குங்கள். நிரல் திறக்கும்போதெல்லாம் அதைப் படித்துவிடும். செப்பரேட்டர், டைம்எஃப்எம்டி, கட்டம், எழுத்துரு எல்லாவற்றையும் அதிலேயே எழுதிவிடுங்கள். நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

2024 மே 13

விண்டோஸ் வைத்திருப்பதாகத் தம்பி சொல்கிறார். அங்கே கோப்பின் பெயர் குனூபிளாட் புள்ளி ஐஎன்ஐ. ஆப்டேட்டா அடைவில் இருக்க வேண்டும். நோட்பேடில் சேமித்தால் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும், பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 மே 15

பெரிய ஒய் போட்டதும் கோடு நேரானதாம். இப்போது மழையையும் அதே தாளில் பட்டைகளாக வரைந்தால், பட்டை தெரியாமல் முடி போல மெல்லிய கோடுகள் தெரிகின்றன என்கிறார். செட் பாக்ஸ்விட்த் 0.8 போட்டிருக்கிறார்.

நேர அச்சின் அலகு வினாடி. 0.8 என்றால் முக்கால் வினாடிக்குச் சற்று மேல். மூன்று ஆண்டு அகலமுள்ள தாளில் முக்கால் வினாடி அகலப் பட்டை எப்படித் தெரியும்? ஒரு நாளுக்கு 86400 வினாடி. ஒரு நாள் அகலம் வேண்டுமானால் 86400 என்று போடுங்கள், இல்லாவிட்டால் 0.8க்குப் பின்னால் ரிலேட்டிவ் என்று சேருங்கள். பட்டைக்குள் வண்ணம் வேண்டுமானால் செட் ஸ்டைல் ஃபில் சாலிட். இயல்பில் பட்டைகள் வெறும் கூடுதான்.

மழையை எந்த அளவில் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். மில்லிமீட்டர் என்றார். அவர் வயதுக்கு அது சரி. எங்கள் காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில் ஐயன் வைத்திருக்கும் பழைய நோட்டில் "தூறல்", "ஓர் உழவு", "இரண்டு உழவு மழை" என்றுதான் இருக்கிறது. ஏர் பிடிக்கும் அளவுக்கு மண் நனைந்தால் ஓர் உழவு. அதற்கு மில்லிமீட்டர் கிடையாது, ஏனென்றால் மண்ணைப் பொறுத்து மாறும். செம்மண்ணுக்கு ஓர் உழவு வேறு, கரிசலுக்கு வேறு. நான் அதை 1, 2, 3 என்று எண்ணாக்கி, ஒய்டிக்ஸ் அமைப்பில் எண்ணுக்குப் பதிலாக அந்தச் சொற்களையே அச்சில் எழுதினேன். ஐயன் பார்த்ததும் படித்துவிட்டார். அதைவிடச் சரியான அலகு அந்த நோட்டுக்கு இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

2024 மே 19

இந்த நிரலோடு எனக்கு எப்படிப் பழக்கம் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நான் கோவையில் ஒரு பம்ப்செட் பட்டறையில் சோதனை மேடையில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு மாதிரி மோட்டாரையும் தொட்டியில் ஓட்டி, டெலிவரி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஏழு எட்டு இடங்களில் அளவு எடுப்போம். வினாடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் ஹெட் (தண்ணீரைத் தள்ளும் உயரம்), எத்தனை கிலோவாட் இழுக்கிறது. வால்வு மூடியிருக்கும்போது ஹெட் அதிகம், தண்ணீர் இல்லை. திறக்கத் திறக்கத் தண்ணீர் ஏறும், ஹெட் இறங்கும். திறன் மட்டும், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு தண்ணீரைத் தள்ளும் வேலையாகிறது என்ற விகிதம், நடுவில் ஒரு மேடு கட்டி இறங்கும். அந்த மேட்டுக்குப் பக்கத்தில்தான் பம்பை ஓட்ட வேண்டும்.

ஹெட்டும் திறனும் ஒரே தாளில் வர வேண்டும், ஆனால் அளவுகோல் வேறு. அதற்காக வலப்பக்க அச்சு இருக்கிறது. பிளாட் வரியில் ஆக்ஸிஸ் எக்ஸ்1ஒய்2 என்று எழுதிவிட்டு, செட் ஒய்2டிக்ஸ் எழுத மறந்தால் என்ன ஆகும் தெரியுமா? திறன் கோடு வலப்பக்க அளவில்தான் வரையப்படும், ஆனால் அந்த அளவு தாளில் எங்கும் அச்சாகாது. வலப்பக்கம் தெரிவது இடப்பக்க அளவின் நிழல் கோடுகள். பார்க்கிறவர் திறனையும் மீட்டரில் படிப்பார். செட் ஒய்டிக்ஸ் நோமிரர், செட் ஒய்2டிக்ஸ் இரண்டையும் ஜோடியாகவே எழுதிப் பழகுங்கள்.

இன்னொரு சங்கதி வளைவு. எட்டுப் புள்ளிகளையும் வழுவழுப்பாக இணைக்க ஸ்மூத் சிஸ்பிளைன்ஸ் என்று போடுவது எல்லாருக்கும் பழக்கம். அது ஒவ்வொரு புள்ளியையும் கட்டாயம் தொட்டுக்கொண்டு போகும். அளவெடுக்கும்போது மானியின் முள் சற்று ஆடி ஒரு புள்ளி கால் மீட்டர் பிசகினாலும், அந்தப் பிசகை வளைவு பெரிதாக்கிக் காட்டும். ஒருமுறை வால்வு மூடிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. பம்ப் தொழிலில் அந்த மேட்டுக்குப் பொருள் உண்டு. ஒரே ஹெட்டுக்கு இரண்டு இடத்தில் தண்ணீர் கொடுக்கும் வளைவு நிலையற்றது, இம்பெல்லரை (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தை) திருத்த வேண்டும் என்று பேச்சு கிளம்பும். மறுபடி அளந்தோம். மேடு இல்லை. அன்றிலிருந்து புள்ளிகளைப் புள்ளிகளாகவே வைத்து, ஃபிட் கட்டளையால் இருபடிச் சமன்பாடு ஒன்றைப் பொருத்தி அதன் கோட்டைத்தான் வரைகிறேன். புள்ளி எங்கே, கோடு எங்கே என்று இரண்டும் தெரிய வேண்டும். இடைவெளி தெரிந்தால்தான் அளவு எவ்வளவு நம்பத்தக்கது என்று தெரியும்.

ஸ்மூத் எம்சிஸ்பிளைன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் மட்டும் இறங்கும், இல்லாத மேட்டை உண்டாக்காது. ஆனால் பிசகிய புள்ளி பிசகிய புள்ளியாகவே இருக்கும்.

2024 மே 26

மே 12 இரவு எழுதியதில் ஒரு பாதியைத் திரும்பப் பெறுகிறேன். தம்பி, தொடக்கக் கோப்பில் எல்லாவற்றையும் எழுதச் சொன்னேனே, அது தவறு. ஏன் என்று முழுவதும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன், ஏனென்றால் நீங்கள் அதைச் செய்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

சித்திரையில் எங்கள் கிணறு நன்றாக இறங்கிவிட்டது. மோட்டாரை இன்னும் எவ்வளவு கீழே இறக்குவது, எத்தனை லெங்த் குழாய் வாங்குவது என்று ஐயன் கேட்டார். ஒரு லெங்த் 20 அடி. கைப்பிடிச்சுவரிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று, கல் கட்டிய கயிற்றில் முடிச்சு எண்ணி அவர் எழுதிய கணக்கு மூன்று ஆண்டுக்கு இருக்கிறது. ஊருக்குப் போயிருந்தபோது மடிக்கணினியில் அதை வரைந்து காட்டினேன்.

கோடு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஒவ்வொரு கோடையிலும் தாளின் மேல் விளிம்பைத் தொட்டுக் காணாமல் போய், சில வாரம் கழித்து மறுபடி விளிம்பிலிருந்து இறங்கி வந்தது. நான் அந்த இடைவெளியைப் பார்த்து, அந்த வாரங்களில் அளக்கவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அளந்திருப்பதிலேயே அதிக ஆழம் 45 அடி, ஒரு லெங்த் போதும் என்று சொல்லவும் வாயெடுத்தேன்.

ஐயன் வேறொன்றைக் கேட்டார். "தண்ணீர் இறங்கினால் கோடு ஏன் ஏறுகிறது?"

நியாயமான கேள்வி. ஆழம் கூடக்கூட எண் கூடுகிறது, அதனால் கோடு ஏறுகிறது. கிணற்றைப் பார்க்கிறவருக்கு அது தலைகீழ். செட் ஒய்ரேஞ்ச் கட்டளையில் ரிவர்ஸ் என்று சேர்த்தால் அச்சு திரும்பிவிடும் என்று தெரியும். சேர்த்தேன். திரும்பவில்லை. மறுபடி தட்டினேன். அசையவில்லை. உதவிப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், நிரலே எல்லையைக் கணக்கிடும் அச்சில் மட்டும்தான் ரிவர்ஸ் வேலை செய்யும், எல்லையை நாம் குறித்துவிட்டால் அதற்கு எந்த விளைவும் இல்லை என்று இருக்கிறது. நான்தான் எல்லை எதையும் குறிக்கவில்லையே? ஷோ ஒய்ரேஞ்ச் என்று கேட்டேன். 0 முதல் 45 வரை என்று பதில் வந்தது.

அந்த 45 எங்கிருந்து வந்தது என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பட்டறையில் பம்ப் வளைவு எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று ஹெட் அச்சுக்கு 45 மீட்டர் எல்லை வைத்து, அதைத் தொடக்கக் கோப்பில் எழுதி வைத்திருந்தேன். அந்த மீட்டர் எங்கள் கிணற்றின் அடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. 45 அடிக்குக் கீழே போன ஒவ்வொரு வாரமும் தாளுக்கு வெளியே. இரண்டு முனையும் வெளியே இருக்கும் கோட்டுத் துண்டை நிரல் வரையாது, ஒரு முனை உள்ளே இருந்தால் விளிம்பு வரை வரையும். நான் பார்த்த இடைவெளி அதுதான். ஐயன் ஒரு வாரம்கூட விடவில்லை.

எல்லையை நட்சத்திரக் குறியிட்டு நிரலிடமே விட்டு, ரிவர்ஸ் சேர்த்து மறுபடி வரைந்தேன். கோடு கிணற்றைப் போலவே கீழே இறங்கி 63 அடியில் நின்றது. "இது சரி" என்றார் ஐயன். ஒரு லெங்த் அல்ல, இரண்டு லெங்த் வாங்கினோம்.

தப்பித்தது அவருடைய கண்ணால். நான் தட்டிய கட்டளைகள் அனைத்தும் சரி. கோப்பும் சரி. திரையில் நான் எழுதாத ஓர் அமைப்பு, என் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வேலை செய்தது.

2024 மே 27

நேற்று எழுதியதோடு சேர வேண்டியது. இந்தக் கோளாறு எனக்கு ஏன் முன்பே தட்டுப்படவில்லை என்று இரவெல்லாம் யோசித்தேன்.

ரீசெட் கட்டளைதான் காரணம். ரீசெட் அமைப்புகளை நிரலின் இயல்புக்குக் கொண்டுபோகும், ஆனால் தொடக்கக் கோப்பை மறுபடி படிக்காது. ஆகவே நிரலைத் திறந்ததும் வரைந்தால் 45 எல்லை இருக்கும். ஒருமுறை ரீசெட் அடித்துவிட்டு வரைந்தால் இருக்காது. ஒரே கோப்பு, ஒரே கட்டளை, காலையில் ஒரு படம், மதியம் வேறு படம். பட்டறையில் நான் ஒவ்வொரு பம்புக்கும் நடுவே ரீசெட் அடிக்கும் பழக்கமுள்ளவன். எல்லையையும் கட்டளைக் கோப்பில் தனியாக எழுதியிருந்தேன். அதனால் அங்கே வேற்றுமை தெரியவே இல்லை.

தொடக்கக் கோப்பையும் சேர்த்து மறுபடி படித்துப் புதிதாகத் தொடங்க ரீசெட் செஷன் என்று தனிக் கட்டளை இருக்கிறது. தொடக்கக் கோப்பை அறவே படிக்காமல் திறக்க, குனூபிளாட் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடும் டி (d) எழுத்தும். ஏதாவது படம் விசித்திரமாகத் தெரிந்தால் முதலில் இப்படித் திறந்து அதையே வரைந்து பாருங்கள். படம் மாறினால் குற்றவாளி உங்கள் தொடக்கக் கோப்பில் இருக்கிறான்.

2024 மே 27, இரவு

செப்பரேட்டரையும் எடுத்துவிடுங்கள். அதையும் அங்கே எழுதச் சொன்னவன் நான்தான். மானியிலிருந்து வரும் கோப்புகளில் இடைவெளிதான் பிரிப்பு. தொடக்கக் கோப்பில் காற்புள்ளி என்று இருந்தால், சரியான புள்ளி ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு அந்தக் கோப்பைத் தாண்டிப் போய்விடும்.

2024 ஜூன் 2

அப்படியானால் தொடக்கக் கோப்பில் எதைத்தான் வைப்பது என்று தம்பி கேட்கிறார். கோபத்தில் ஒன்றுமே வேண்டாம் என்று எழுதத் தோன்றியது. ஒரு வாரம் பொறுத்து எழுதுகிறேன்.

ரீசெட் எவற்றைத் தொடாது என்று உதவிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. டெர்மினல் (படம் எந்தத் திரைக்கு அல்லது எந்தக் கோப்பு வகைக்குப் போகிறது என்பது), அவுட்புட், லோட்பாத், லைன்டைப், என்கோடிங், லோகேல், டெசிமல்சைன், இன்னும் ஓரிரண்டு. பல முறை அதைப் படித்திருக்கிறேன், ஏன் இவை மட்டும் என்று யோசித்ததில்லை. இப்போது பார்த்தால், அனேகமாக எல்லாமே இயந்திரத்தையும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளையும் சார்ந்தவை. எந்தத் திரை, எந்த எழுத்துரு, எந்த மொழி, எந்த வண்ண வரிசை. எல்லை, பிரிப்பு, தேதி வடிவம், பட்டை அகலம், அச்சின் பெயர் எல்லாம் தரவைச் சார்ந்தவை. அவற்றை ரீசெட் துடைத்துவிடுகிறது. நிரலை எழுதியவர்களே ஒரு வரப்பு போட்டு வைத்திருக்கிறார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவை மட்டும் தொடக்கக் கோப்பில். இந்தப் பக்கம் இருப்பவை அந்தந்தத் தரவுக் கோப்புக்கு அருகிலேயே, அதே அடைவில், ஒரு கட்டளைக் கோப்பில். அதன் முதல் வரி ரீசெட்.

வண்ணத்துக்குச் செட் ஸ்டைல் லைன் எழுதினால் ரீசெட்டில் போய்விடும். செட் லைன்டைப் எழுதினால் நிற்கும். இந்த வேற்றுமைக்கும் இப்போதுதான் எனக்குக் காரணம் புரிகிறது.

2024 ஜூன் 9

உடுமலையில் இருக்கும் மச்சானுக்கு என் கட்டளைக் கோப்பையும் தரவையும் மட்டும் அனுப்பி, வரையச் சொன்னேன். அவர் கணினியில் தொடக்கக் கோப்பே கிடையாது. என் திரையில் வந்த படமே அவருக்கும் வந்தது, எழுத்துரு மட்டும் வேறு.

2024 ஜூன் 16

தமிழில் அச்சுப் பெயர் எழுதுவது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

பிஎன்ஜி என்றும் பிஎன்ஜிகெய்ரோ என்றும் இரண்டு டெர்மினல் உண்டு. வரும் படக் கோப்பின் வகை ஒன்றுதான். ஆனால் என் கணினியில் முதலாவதில் "கோடை" என்று எழுதினால் இரட்டைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் தொங்குகிறது. "மட்டம்" சரியாக வரும், "கொங்கு" உடையும். கொம்புள்ள எழுத்துகளைச் சேமிக்கும் வரிசை வேறு, கண்ணுக்குத் தெரியும் வரிசை வேறு. அதை இடம் மாற்றி அடுக்கிக் கொடுக்க ஒரு நூலகம் வேண்டும். கெய்ரோ வகை டெர்மினல்கள் பாங்கோ என்ற நூலகத்தின் வழியே எழுதுகின்றன, அது தமிழை ஒழுங்காக அடுக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவோடு பிஎன்ஜிகெய்ரோ, பிடிஎஃப்கெய்ரோ இரண்டிலும் ஒரு கொம்புகூடப் பிசகவில்லை. செட் என்கோடிங் யூடிஎஃப்8 என்பதையும் சேர்த்துவிடுங்கள். இவை மூன்றும் வரப்புக்கு அந்தப் பக்கம், தொடக்கக் கோப்பில் இருக்கலாம்.

மாதப் பெயர்கள் தமிழில் வர, கணினியில் தமிழ் லோகேல் (மொழி அமைப்பு) நிறுவியிருந்தால் செட் லோகேல் போதும்.

கோப்பின் பெயரில் அடிக்கோடு இருந்தால் படத்தின் விளக்கக் கட்டத்தில் அடுத்த எழுத்து சிறுத்துக் கீழே இறங்கும். அடிக்கோட்டை அது கீழ்க்குறியாகப் படிக்கிறது. செட் கீ நோஎன்ஹான்ஸ்டு.

2024 ஜூன் 18

பிடிஎஃப் திறக்க மாட்டேன் என்கிறது என்றால், பிளாட் முடிந்ததும் அன்செட் அவுட்புட் தட்டவில்லை என்று பொருள். கோப்பு இன்னும் மூடப்படவில்லை.

2024 ஜூலை 7

இது குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் மென்பொருள், அதனால் பெயரில் குனூ என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். இல்லை. 1986இல் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி என்ற இருவர் தொடங்கியது. பெயருக்கு ஒருவர் ஒன்று சொல்ல மற்றவர் வேறொன்று சொல்ல, நியூபிளாட் என்று வைக்கலாம் என்று முடிவானது. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு நிரல் இருந்ததால் ஒலி ஒத்த இந்த எழுத்துக்கூட்டலுக்கு வந்தார்கள். உரிமமும் குனூ உரிமம் அல்ல, தனி. குனூவென்றே நானும் உச்சரிக்கிறேன், நாக்குக்குப் பழகிவிட்டது. அதற்காக வரலாற்றை மாற்ற முடியாது.

பழைய கட்டளைக் கோப்பு புதிய பதிப்பில் நிறம் மாறி வருகிறது என்றும் அவரே கேட்கிறார். 5ஆம் பதிப்பு 2015இல் வந்தபோது இயல்பு வண்ண வரிசை மாறியது. சிவப்பு, பச்சை, நீலம் போய் ஊதாவில் தொடங்கும் வரிசை வந்தது. பழையது வேண்டுமானால் செட் கலர்ஸ் கிளாசிக். நான் வேண்டாம் என்பேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். எங்கள் பட்டறையிலேயே வயரிங் செய்யும் ஒருவர் இருக்கிறார். ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் செட் மோனோகுரோம், வண்ணத்துக்குப் பதிலாகப் புள்ளிக் கோடு, வெட்டுக் கோடு என்று பிரித்துக் கொடுத்துவிடும்.

2024 ஆகஸ்ட் 25

தம்பி தம் படத்தை அனுப்பியிருக்கிறார். அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் கடைசியில் மழைப் பட்டையே இல்லாமல் கிணறு ஏறுகிறது, தரவில் பிழையா என்கிறார்.

பிழை இல்லை. உங்கள் கிணறு கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. பவானிசாகரில் ஆகஸ்ட் 15ஐ ஒட்டித் தண்ணீர் திறப்பது வழக்கம். அந்த மண் வாய்க்காலின் கசிவும் வயலில் நிற்கும் தண்ணீரும் கிணற்றுக்கு வருகின்றன. எங்கள் மேட்டாங்காட்டுக் கிணற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் ஆளைத் தள்ளும், மழை மட்டும் மேற்கிலேயே நின்றுவிடும். ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும்.

வாய்க்கால் திறந்த நாளில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். செட் ஆரோ கட்டளையில் எக்ஸ் இடத்துக்குத் தேதியை மேற்கோள் குறிக்குள், நீங்கள் டைம்எஃப்எம்டியில் சொன்ன அதே வடிவத்தில் எழுத வேண்டும். ஒய் இடத்துக்கு கிராஃப் 0 முதல் கிராஃப் 1 வரை. கிராஃப் என்று சொன்னால் அடிக்கணக்கு பாராமல் தாளின் அடியிலிருந்து உச்சி வரை என்று பொருள். கடைசியில் நோஹெட், அம்பு முனை வேண்டாம் என்பதற்கு.

2024 ஆகஸ்ட் 27

கோடு போட்டாராம். மூன்று ஆண்டிலும் கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் தண்ணீர் ஏறத் தொடங்குகிறது. அவருடைய அப்பாரு அந்தப் படத்தை வாங்கிப் பார்த்து, வாய்க்கால் தண்ணீர் எத்தனை நாளில் தங்கள் கிணற்றுக்கு வருகிறது என்று விரலால் எண்ணினாராம்.

2024 செப்டம்பர் 8

சேவ் கட்டளையைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டவருக்கு. அது அப்போதுள்ள எல்லா அமைப்புகளையும் ஒரு கோப்பில் கொட்டும். நீளமாக, நீங்கள் தொடாத அமைப்புகளையும் சேர்த்துக் கொட்டும். டெர்மினல், அவுட்புட் வரிகளின் முன்னால் மட்டும் கருத்துக் குறி போட்டு வைக்கும். அவை வேறு கணினியில் பொருந்தாது என்பதால். ஷோ ஆல் அதையே திரையில் காட்டும். என் கிணற்றுப் படத்தை அன்று சேவ் செய்து பார்த்திருந்தால் 45 அங்கேயே தெரிந்திருக்கும். இப்போது ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு சேவ் கோப்பும் வைக்கிறேன், வரைவதற்காக அல்ல, பின்னால் யாராவது கேட்டால் காட்டுவதற்காக.

2024 நவம்பர் 10

ஐயன் இன்று தொலைபேசியில் சொன்ன அளவு 38 அடி. ஒய்ரேஞ்ச் நட்சத்திரத்திலேயே இருக்கிறது.